லயத்து வீடும் சொந்த நிலமும்

(பத்தாங் காலியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்தாங் காலி என்ற இந்த ஊரின் பெயர் வெளிநாட்டு நீதிமன்றங்கள் வரை போன வரலாற்றை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1948 டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில், இந்த வட்டாரத்துச் சுங்கை ரெமோக் தோட்டத்தில், கையில் ஆயுதம் இல்லாத 24 சீன ஆடவர்களைப் பிரிட்டிஷ் படையின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் பிரிவினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டவர்கள் என்று அன்றைய அரசு அறிவித்துக் கோப்பை மூடியது. 1970-இல் அந்தப் படையில் இருந்த சிலரே வாய் திறந்தார்கள். லண்டன் காவல்துறை விசாரணை தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் பிரிட்டனில் ஆட்சி மாறியது, விசாரணையும் நின்றது. 1990களில் மலேசியக் காவல்துறை எடுத்த முயற்சியும் வழக்கு என்னும் நிலையை எட்டவில்லை. பின்னர் 2015 நவம்பர் 25-ஆம் நாள், பொது விசாரணை நடத்த வேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் லேடி ஹேல் ஒருவர் மட்டும் மாறுபட்டார். குடும்பங்கள் தோற்றன. ஆனால் அந்தத் தீர்ப்பின் பக்கங்களில், எந்த ஆண்டில் யார் என்ன வாக்குமூலம் தந்தார்கள், எந்த விசாரணை எப்படி நின்றது என்பதெல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. பத்தாங் காலிச் சந்தையில் காய்கறி வாங்க நிற்கும் ஒருவர் இன்றே, இப்போதே, கைப்பேசியில் அதைத் திறந்து படிக்கலாம். மனு எழுத வேண்டாம், கட்டணம் கட்ட வேண்டாம், எதற்காகப் படிக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

இந்த வசதியின் அருமை அதற்கு நேர் எதிரான நிலையை நினைத்துப் பார்த்தால் விளங்கும். 1957-இல் நாடு விடுதலை பெறும் தறுவாயில், பிரிட்டிஷ் நிர்வாகம் மலாயாவின் கோப்புகளில் ஒரு பகுதியை லாரிகளில் ஏற்றிச் சிங்கப்பூரிலிருந்த கடற்படை எரியுலைக்கு அனுப்பியது. பழைய குடியேற்ற நாடுகள் பலவற்றிலிருந்து கொண்டுபோன ஆயிரக்கணக்கான கோப்புகள் ஹன்ஸ்லோப் பார்க் என்னும் இடத்தில் பூட்டிக் கிடந்ததைப் பிரிட்டிஷ் வெளியுறவுத்துறை 2011-இல்தான் ஒப்புக்கொண்டது. ஒருவர் வீட்டு இழப்பின் ஆவணம் இன்னொருவர் அலமாரியில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. திறந்த இணையம் என்று நாம் சொல்வது அந்த அலமாரியின் சாவியை ஒருவர் கையில் விடாத ஏற்பாடு. அதன் மதிப்பு என்ன, அது ஏன் இவ்வளவு எளிதில் நொறுங்குகிறது, அதைக் காப்பது யார் வேலை என்பதே இன்றைய என் பேச்சு. அதைக் காப்பது அரசின் வேலையோ பெருநிறுவனத்தின் வேலையோ மட்டும் ஆகாது, நம்மைப் போன்ற சிறு சமூகங்களின் வேலை என்பது நான் நிறுவ விரும்பும் கருத்து.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இணையம் வேறு, திறந்த இணையம் வேறு. இணையம் கம்பியும் கருவியும். திறந்த இணையம் ஓர் உடன்பாடு. யாரும் யாரையும் கேட்காமல் ஒரு பக்கத்தை வெளியிடலாம். யாரும் அதைப் படிக்கலாம். யாரும் இன்னொரு பக்கத்திலிருந்து அதற்கு வழி காட்டலாம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது திறந்த இணையம். இது இயற்கையாக வந்ததன்று, முடிவெடுத்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் தகவல் தேடுவதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய கோஃபர் என்னும் முறை வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. 1993 தொடக்கத்தில் அதன் சில பயன்பாடுகளுக்கு உரிமக் கட்டணம் வாங்கப்போவதாக அந்தப் பல்கலைக்கழகம் அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலையின் மென்பொருளை ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் எல்லாருக்கும் பொதுவென்று விட்டுக்கொடுத்தது. கோஃபர் சில ஆண்டுகளில் மறைந்தது, வலை உலகத்தை நிறைத்தது. கட்டணம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும், நாளைக்கு யாரோ ஒருவர் வாடகை கேட்பார் என்ற அச்சமே ஒரு நிலத்தில் வீடு கட்ட வந்தவனைத் திருப்பி அனுப்பப் போதும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

அந்தப் பொது நிலத்தில் முதலில் வீடு கட்டியவர்களில் தமிழர் உண்டு, அதிலும் நம் பக்கத்துத் தமிழர் உண்டு. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் ஏற்றிய வலைத்தொகுப்பில் தமிழும் ஏறியது. அந்தத் தமிழுக்குப் பின்னால் இருந்தவர் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் கணினியில் தமிழ் எழுத வழி செய்தது. மலேசியாவில் பிறந்து சிட்னிக்குப் போன பாலா பிள்ளை தமிழ்.நெட் வழியாக உலகத் தமிழரை ஒரே உரையாடலில் உட்கார வைத்தார். 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பல நாடுகளின் தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்கள் இன்றும் அங்கே விலையின்றிக் கிடைக்கின்றன. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் அதன் முதல் தூண். 2017-இல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. 2005-இல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்க்க நூலகம் திட்டம் எழுந்தது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோன சமூகம் அது. இந்த வரிசையில் பெரும்பாலானவை லாபக் கணக்குப் பார்த்துத் தொடங்கியவை அல்ல. சந்தைக்கு விட்டிருந்தால் இவற்றில் பல பிறந்திருக்கமாட்டா. பெரிய மொழிக்குத் திறந்த இணையம் ஒரு வசதி. ஆள் குறைந்து, பல நாடுகளில் சிதறி வாழும் மொழிக்கு அது பிழைக்கும் வழி.

இதை வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் வைத்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியே, 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டவர். அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றது. தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் இருக்கிறது. ஆனால் அந்த மண்ணைப் பற்றி உலகம் படித்தது துரை எழுதியதை. பால் வெட்டியவர், குலை சுமந்தவர், பெரட்டில் விடியுமுன் வரிசை நின்றவர் சொன்னதை எழுதி வைத்த புத்தகம் எங்கே? அவர்கள் பெயர் இருந்தது கிராணி என்ற தோட்ட எழுத்தரின் பதிவேட்டில். அது தோட்ட ஆப்பீஸின் சொத்து. தோட்டம் கைமாறியபோது அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்கு இந்தத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் பல்லாயிரம் பேர். போர்க்கைதிகளாக அங்கே இறந்த வெள்ளை வீரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவரில் திரும்பாதவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 தொடக்கத்தில் நின்றது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகளின் திருமண அறிவிப்பும் மரண அறிவிப்பும் தோட்டச் செய்தியும் அதன் பக்கங்களில் கிடக்கின்றன. அவற்றை வீட்டிலிருந்தபடி தேடிப் படிக்க முடிந்தால் எத்தனை குடும்பங்களின் விட்டுப்போன கண்ணி கிடைக்கும்! பணமோ பல்கலைக்கழகமோ பின்னால் இல்லாத மக்களுக்கு, தங்கள் கதையைத் தாங்களே வெளியிட இதைவிடக் குறைந்த செலவில் ஒரு வழி இதுவரை வந்ததில்லை.

மதிப்பைச் சொன்னேன். இனி அதன் நொய்மை. இணையத்தில் போட்டது அழியாது என்பார்கள். அழிகிறது. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தே ஆண்டுகளில் எட்டாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. தமிழுக்கு இழப்பு இருவகை. ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருவில் எழுதியது. அந்தக் காலத்துப் பக்கம் ஒன்று இன்று உயிரோடு இருந்தாலும் திறந்தால் கோணல்மாணலான குறிகள்தான் தெரிகின்றன. பக்கம் இருக்கிறது, தமிழ் இல்லை. இடத்தை இலவசமாகக் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியபோது அதில் குடியிருந்த தளங்கள் இடம் இழந்தன. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக மூடப்பட்டன. மரத்தடி, ராயர் காபி கிளப், சுங்கைப்பட்டாணியிலிருந்து மருத்துவர் ஜெயபாரதி நடத்திய அகத்தியர் எனத் தமிழர் ஆண்டுக்கணக்கில் பேசிய களங்கள் அங்கேதான் இருந்தன. எரித்தவர் யாருமில்லை. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் கணக்குப் பார்த்தது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக்கு நாம் ஆண்டுதோறும் கண்ணீர் விடுகிறோம். இப்படிப்பட்ட மூடல்களை ஒரு நாள்கூடக் குறித்து வைக்கவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பது தோட்டத்து மக்களுக்கு எளிதில் புரியும். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக்குப் பெரும்பாலும் வாடகை கிடையாது. தண்ணீர் வந்தது, ஆயாக்கொட்டகை இருந்தது, கோயில் கட்ட இடம் கிடைத்தது, பள்ளிக்கூடமும் நின்றது. எல்லாம் இருந்தன, நிலம் மட்டும் நம்முடையதாக இல்லை. தோட்டம் வீடமைப்புத் திட்டமாகவோ கோல்ஃப் திடலாகவோ மாறியபோது, மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்துக்குக் கையில் காட்ட ஒரு தாள் இல்லாமல் நின்றோம். தோட்டத்து நிலத்தில் நின்ற காரணத்தால் பல தமிழ்ப்பள்ளிகள் இன்னும் அரசின் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன. இன்று நம் சங்கங்களும் கோயில்களும் பள்ளிகளின் முன்னாள் மாணவர்களும் முகநூலிலும் புலனம் எனப்படும் வாட்ஸ்அப்பிலும் செய்வது மறுபடியும் அதுதான். படங்கள், பழைய ஆசிரியர்களின் நினைவுகள், திருவிழா வரலாறு எல்லாம் இன்னொருவர் நிலத்தில் கட்டிய லயத்தில் இருக்கின்றன. வாடகை இல்லை என்பதாலேயே உரிமையும் இல்லை. 2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய அரசோடு வந்த பிணக்கில் முகநூல் அந்நாட்டுச் செய்திகளை ஒரே நாளில் அடைத்தது. அந்த வீச்சில் சுகாதாரத் துறைகளின் பக்கங்களும் தீயணைப்புப் பிரிவுகளின் பக்கங்களும் வெறுமையாயின. ஒரு நாட்டின் அரசுக்கே இந்த நிலை என்றால், தோட்டத்துப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர் குழு எந்த மூலைக்கு?

நிறுவனம் ஒரு பக்கம், அரசு இன்னொரு பக்கம். 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியபோது, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று மலேசியா உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் மூன்றாம் பிரிவிலேயே அந்தக் கருத்து எழுதப்பட்டது. அச்சு இதழுக்கு உள்துறை அமைச்சின் உரிமம் தேவைப்பட்ட நாட்டில், 1999 நவம்பரில் மலேசியாகினி பிறக்க அந்த வாசல்தான் உதவியது. ஆனால் 2015 ஜூலையில் சரவாக் ரிப்போர்ட் தளமும் 2016 பிப்ரவரியில் மலேசியன் இன்சைடர் தளமும் அதே சட்டத்தின் பெயரால் முடக்கப்பட்டன. இன்சைடர் சில வாரங்களில் நட்டத்தைச் சொல்லிக் கடையை மூடியது. 2021 பிப்ரவரியில், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. மக்கள் சில மணி நேரத்தில் அந்தத் தொகையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்தச் செய்தியின் இரண்டு பாதிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். திறந்த வாசல் ஓர் ஆணையில் அடைபடும். அடைபடாமல் நின்றால், அது வாசகர் தோள் கொடுத்ததால் நின்றது.

அண்மையில் மூன்றாவதாக ஓர் அழுத்தம் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கும் இயந்திரங்கள் திறந்த பக்கங்களை ஓயாமல் வாரிக்கொண்டு போகின்றன. 2024 ஜனவரிக்குப் பிறகு படங்கள், ஒலிக்கோப்புகள் போன்றவற்றைத் தரவிறக்கும் அளவு 50 விழுக்காடு கூடிவிட்டது, அந்தக் கூடுதலுக்குப் பெரும்பாலும் இயந்திரங்களே காரணம் என்று விக்கிமீடியா நிறுவனம் 2025 ஏப்ரலில் சொன்னது. கிணறு பொதுவானது. ஆனால் தூர் வாருபவன் ஒருவன், லாரி வைத்து இறைப்பவன் இன்னொருவனாக இருந்தால் கிணறு எத்தனை நாளைக்குத் தாங்கும்? விடை தேடுபவர் விடையை மட்டும் பெற்றுக்கொண்டு எழுதியவர் பக்கத்துக்கு வராமலே போனால், எழுதியவருக்கு வாசகரும் இல்லை, அடுத்ததை எழுத ஊக்கமும் இல்லை.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது: திறந்த இணையம் பொய்க்கும் வசைக்கும் மோசடிக்கும் திறந்த வாசல், அதை ஏன் காக்க வேண்டும்? குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் பொய் எங்கே வேகமாக ஓடுகிறது என்று பாருங்கள். 2018-இல் இந்தியாவில் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டபோது, அந்த வதந்தி பெரிதும் ஓடியது மூடிய புலனக் குழுக்களில். அந்த ஜூலையில் புலன நிறுவனமே ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்த வேண்டிவந்தது. திறந்த பக்கத்தில் எழுதிய பொய்க்கு முகவரி உண்டு. அதைச் சுட்டிக் காட்டலாம், மறுக்கலாம், மறுப்பையும் பொய்யையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மூடிய குழுவில் பரவும் பொய்க்கு முகவரி இல்லை. மறுப்பவருக்கு உள்ளே இடமும் இல்லை. தண்டிக்க வேண்டிய குற்றங்கள் உண்டு. அவற்றுக்குச் சட்டமும் வேண்டும். தெருவில் திருடன் நடக்கிறான் என்பதற்காகத் தெருவையே மூடுவதில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது: எல்லாவற்றையும் திறந்து வைப்பது நியாயமா? நியாயமில்லை. ஒரு குடும்பத்தின் நோய், கடன், அடையாள அட்டை எண் ஆகியவை பொதுவெளிக்கு உரியவை ஆகா. எழுத்தாளரின் உழைப்பை அவர் ஒப்புதலின்றி அள்ளிப் போடுவதும் திறந்த மனப்பான்மை ஆகாது. பொது உரிமைக்கு வந்த நூல்களையும் உரியவர் இசைவு தந்த நூல்களையும் கொண்டே மதுரைத் திட்டம் வளர்ந்திருக்கிறது. நான் கேட்பது பொது வாழ்வின் ஆவணங்களுக்கு: தீர்ப்புகள், பழைய நாளிதழ்கள், பள்ளிகளின் வரலாறு, கோயில் கல்வெட்டுகள், தோட்டங்களின் பெயர்கள், தாங்களே முன்வந்து சொல்லும் முதியவர்களின் வாய்மொழி.

மூன்றாவது: தாளும் அச்சும்தானே நிலையானவை, மின்சாரத்தை நம்பி ஏன் வரலாற்றை வைக்க வேண்டும்? தமிழ் நூல்கள் நமக்கு வந்து சேர்ந்த வழியே இதற்கு விடை. ஓலைக்கு ஆயுள் குறைவு. செல்லும் ஈரமும் அதைத் தின்னும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் வரை அந்த நூல் பிழைத்திருந்தது, தலைமுறைதோறும் யாரோ ஒருவர் படியெடுத்ததால். மடங்களிலும் வீடுகளிலும் பல படிகள் கிடந்ததால்தான் ஒன்றில் விட்ட வரியை இன்னொன்றில் பார்த்துத் திருத்த முடிந்தது. யாழ்ப்பாணத்தில் எரிந்த சுவடிகளில் சிலவற்றுக்கு வேறு படி இல்லை, எனவே அவை போயேவிட்டன. பொருள் எதுவானாலும் காப்பாற்றுவது படிதான். படியெடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத இடம் என்பதே திறந்த இணையத்தின் பெரிய வலிமை. தாளும் இருக்கட்டும், வலையும் இருக்கட்டும்.

கடைசி எதிர்வாதம் நடைமுறை பற்றியது. மக்கள் இருப்பது முகநூலில். உழைத்துக் களைத்த தோட்டத்து மக்களுக்குச் சொந்தத் தளம், முகவரி என்பதெல்லாம் ஆகிற காரியமா? இதற்கு நான் வெளிநாட்டு உதாரணம் தேட மாட்டேன். 1950களின் பிற்பகுதியில் வெள்ளை முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். தோட்டத் துண்டாடலில் தொழிலாளர் தெருவுக்கு வந்தார்கள். 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னது ஒன்றுதான்: மாதம் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம். பால் வெட்டும் கூலியிலிருந்து பத்து வெள்ளி எடுப்பது அன்று எளிதன்று. ஆனாலும் போட்டார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார்கள். அன்று ஆகாத காரியம் என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள்.

இணையத்தில் சொந்த நிலம் அதைவிட மலிவு. ஒரு தளப்பெயரை ஆண்டுக்கு ஒருமுறை பதிந்துகொள்ளும் செலவு கோயில் திருவிழாவின் ஒரு மாலைச் செலவுக்குள் அடங்கும். கடினம் பணத்தில் இல்லை, பொறுப்பில் இருக்கிறது. சங்கத்துக்குப் பொருளாளர் இருப்பதுபோல் ஆவணத்துக்கும் ஒருவர் வேண்டும். அவர் விலகினால் அடுத்தவருக்குச் சாவி கைமாற வேண்டும். எழுதுவது ஒருங்குறியில் இருக்க வேண்டும், நாளைக்கு எந்தக் கருவியும் படிக்கும்படி. ஒரு படி நம்மிடம், ஒரு படி நூலகத்தில், ஒரு படி இணைய ஆவணக் காப்பகத்தில் இருக்க வேண்டும். முகநூலையும் புலனத்தையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அவை திருவிழாப் பந்தல். கூட்டம் அங்கேதான் சேரும், அழைப்பும் அங்கேதான் கொடுக்க வேண்டும். ஆனால் பந்தல் பிரிந்த பிறகும் கோயில் நிற்க வேண்டுமல்லவா?

கோல சிலாங்கூரிலிருந்து பத்தாங் காலி வரை மறைந்துபோன தோட்டங்களின் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சுங்கை ரெமோக் குடும்பங்கள் தங்கள் கதை பொதுவில் எழுதப்பட 67 ஆண்டுகள் ஒரு வெளிநாட்டு நீதிமன்றத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். நம் தோட்டங்களின் கதையை எழுத எந்த நீதிமன்றமும் வரப்போவதில்லை. எழுத யாருடைய அனுமதியும் வேண்டாத இடம் ஒன்று இப்போது இருக்கிறது. மாதம் பத்து வெள்ளி போட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அதில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் பெயர் எழுதி வைத்தால் போதும்.